பனங்கிழங்கு மென்ற தாடை

தை பிறப்பதற்கு முன்பே நெல்லைச் சீமையின் திசையன்விளைக் கடைத்தெருவில் பனங்கிழங்குக் கட்டுகள் வந்து குவிந்துவிடும். பழுத்து விழுந்த பனம்பழத்தின் கொட்டைகளை மணலில் பாத்தி கட்டிப் புதைத்துவைத்து, மழைக்காலம் கழிந்ததும் தோண்டி எடுக்கிற கிழங்கு அது. மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தோலை உரித்து, நடுக்குருத்தை நீக்கி, ஒடித்து ஒடித்துத் தின்ன வேண்டும். அவசரமாகத் தின்ன முடியாது. நார் இழை இழையாகப் பிரிந்து கடைவாய்ப் பல்லுக்கு நடுவே அரைபட வேண்டும். மென்று முடித்தால் கன்னம் வலிக்கும்.

அந்த வலிக்குள் தாமிரபரணிச் சீமையின் நெடிய வரலாறு ஒன்று இருக்கிறது. மனிதத் தாடை என்ன வேலை செய்தது, அந்த வேலையை எப்போது இழந்தது, இழந்தபின் பல்வரிசைக்கும் மூளைக்கும் என்ன நேர்ந்தது என்பது அந்த வரலாறு. பல் கோணலை முகத்தின் அழகுக் குறையாக மட்டும் பார்த்துப் பழகிய நமக்கு, அதை உணவின் கதையாகவும் உழைப்பின் கதையாகவும் படிப்பது அவசியம்.

திசையன்விளையைச் சுற்றியுள்ள செந்நிறத் தேரியில் நெல் விளையாது. வடக்கே ஆற்றுப் பாசனத்தில் காரும் பிசானமும் என இரண்டு போகம் கண்டவர்கள் ஒரு பக்கம். பனையையும் மானாவாரித் தானியத்தையும் நம்பி வாழ்ந்தவர்கள் இன்னொரு பக்கம். 1841-இல் கிறிஸ்தவ மிஷனரி ராபர்ட் கால்டுவெல் பக்கத்திலுள்ள இடையன்குடிக்கு வந்து சேர்ந்தபோது அவர் கண்டதும் இந்தப் பனங்காட்டைத்தான். பனையேறும் மக்களைப் பற்றி 1849-இல் அவர் எழுதிய நூல் அவர்களை இழிவாகப் பேசியதால் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனாலும் பனைத்தொழில் அன்றைக்கு ஒரு வட்டாரத்தையே தாங்கி நின்றது என்பதற்கு அந்த எழுத்து சாட்சி.

பருவம் தொடங்கிவிட்டால் பனையேறி காலையிலும் மாலையிலும் முப்பது, நாற்பது மரம் ஏறி இறங்குவார். பாளை சீவிப் பதநீர் இறக்குவது ஆண்களின் வேலை. விடிலி என்ற குடிசையில் அடுப்பு மூட்டி அதைக் கருப்பட்டியாகக் காய்ச்சுவது பெண்களின் வேலை. காலையில் வயிற்றுக்குப் பதநீர்தான். மற்ற வேளைக்குக் கம்பும் சோளமும் சாமையும். புழுங்கலரிசிச் சோறு வாய்ப்பது அரிது. இட்லியும் தோசையும் பண்டிகைக்கு மட்டும். பிள்ளைகள் பனம்பழத்தைச் சுட்டு நாரோடு சப்பினார்கள். கொட்டையைப் பிளந்து உள்ளிருக்கும் ‘தவண்’ என்ற வெண்சதையைத் தின்றார்கள். கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டே காப்பித் தண்ணி குடித்தார்கள். இன்று இந்த வட்டாரத்துக்குப் பேர் வாங்கித் தரும் முருங்கைக்காயும் மென்று சாறெடுத்துச் சக்கையைத் துப்புகிற காய்தான்.

சாப்பாடு முடிந்தபின்னும் தாடை ஓயவில்லை. ஆத்தூரிலிருந்து வந்த வெற்றிலை இருந்தது; பாக்கு இருந்தது. தாமிரபரணித் தண்ணீரில் விளையும் அந்த ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பல் விழுந்த கிழவிகள்கூட மெல்லும் பழக்கத்தை விடாமல், சின்ன இரும்பு உரலில் வெற்றிலையை இடித்து வாயில் ஒதுக்கிக்கொண்டார்கள்.

இந்த மெல்லலின் தடயம் இன்னும் பழையது. திசையன்விளைக்கு வடக்கே, தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது பழங்கால ஈமக்காடான ஆதிச்சநல்லூர். 1876-இல் பெர்லினைச் சேர்ந்த ஃபெடோர் யாகோர் இங்கே தோண்டிய தாழிகளும் எலும்புகளும் ஜெர்மனிக்குப் போயின. 1899-இலிருந்து 1905 வரை தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். இரும்புக் கருவிகள், வெண்கலப் பாத்திரங்கள், பொன் நெற்றிப்பட்டங்கள் என்று அவர் எடுத்த பொருள்களைப் பற்றித்தான் பலரும் பேசுவார்கள். தாழிகளுக்குள் இருந்த சிறு கலயங்களில் நெல் உமியும் தினை வகை உமியும் கிடைத்ததை யாரும் அதிகம் பேசுவதில்லை. இறந்தவருக்கு வைத்த சாப்பாடு, அவர் உயிரோடிருந்தபோது என்ன மென்றார் என்பதற்கான தடயமும்கூட. அதே ஆற்றுப் படுகையில் சிவகளையில் எடுத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது.

ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளை ஆராய்ந்து உடற்கூற்றியலாளர் சாலி ஸக்கர்மன் எழுதிய அறிக்கையை 1930-இல் சென்னை அருங்காட்சியகம் வெளியிட்டது. அந்தக் காலத்து அறிஞர்களுக்கு மண்டையோடு என்றால் ‘எந்த இனம்?’ என்பதே முதல் கேள்வி. நீளம், அகலம், மூக்கெலும்பு என்று அளந்து மனிதர்களைப் பிரித்து அடுக்குவதில் ஒரு தலைமுறையே செலவழிந்தது. உலகம் முழுக்க எலும்பாய்வாளர்கள் இன்னொரு கேள்வியின் பக்கம் திரும்பக் கொஞ்ச காலம் ஆயிற்று. பழங்கால மனிதர்களின் பற்கள் ஏன் தேய்ந்து தட்டையாக, ஆனால் பெரும்பாலும் நெரிசல் இல்லாமல் இருக்கின்றன? நம் பிள்ளைகளின் பற்கள் தேயாமல், ஆனால் இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வருவது ஏன்?

இந்தக் கேள்வியை விடாமல் துரத்தியவர் அமெரிக்க மானுடவியலாளர் ராபர்ட் கொருச்சினி. கென்டக்கி மாநிலத்துக் கிராமம் ஒன்றைப் பற்றி அவர் 1981-இல் வெளியிட்ட ஆய்வு, தாத்தா பாட்டிகளின் பல்வரிசையும் பேரப்பிள்ளைகளின் பல்வரிசையும் வெகுவாக வேறுபட்டிருப்பதைக் காட்டியது. முன்னவர்கள் உலர்ந்த இறைச்சியும் வீட்டில் விளைந்த கடினமான பண்டங்களும் தின்று வளர்ந்தவர்கள். பின்னவர்கள் கடையில் வாங்கிய மென்மையான உணவில் வளர்ந்தவர்கள். அதே மரபணு, அதே ஊர், மாறியது சாப்பாடு. அடுத்து அவர் இந்தியாவுக்கு வந்தார். சண்டிகர் நகரத்து இளைஞர்களையும் பஞ்சாப் கிராமத்து இளைஞர்களையும் இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒப்பிட்டு 1983-இல் முடிவை வெளியிட்டார். நகரத்துப் பிள்ளைகளிடம் கடி பொருந்தாமை, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகச் சேராத நிலை, கூடுதலாக இருந்தது. இதற்கிடையே, மென்மையான உணவு கொடுத்து வளர்த்த அணில் குரங்குகளுக்குத் தாடை குறுகிப் பல்வரிசை கலைந்ததையும் 1982-இல் காட்டியிருந்தார்.

காரணம் எளிது. பல்லின் அளவு பெரும்பாலும் மரபணுவில் எழுதப்பட்டது. தாடையெலும்பின் அளவு ஓரளவு உழைப்பில் எழுதப்படுகிறது. வளரும் வயதில் தசை இழுக்க இழுக்க எலும்பு தடித்து நீள்கிறது. மெல்லும் வேலை குறைந்தால் எலும்பு அந்த அளவுக்கு வளர்வதில்லை. பற்களோ அதே அளவில் முளைக்கின்றன. இடம் போதாமல் நெரிகின்றன. கடைசியாக வரும் கடைவாய்ப்பல் எலும்புக்குள்ளேயே படுத்துவிடுகிறது.

தாமிரபரணிச் சீமையில் இந்த மாற்றம் இரண்டு தலைமுறைக்குள் நடந்தது. உலக்கையால் குத்திய தானியத்தின் இடத்தில் ரைஸ்மில்லின் தீட்டிய அரிசி வந்தது. ஆட்டுக்கல்லின் இடத்தில் கிரைண்டர் வந்து, பண்டிகைப் பலகாரமான இட்லியை அன்றாட உணவாக்கியது. 1956-இல் காமராசர் எட்டயபுரத்தில் தொடங்கிவைத்த மதிய உணவு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சோற்றைக் கொடுத்தது. 2008-இல் ரேஷனில் ஒரு கிலோ அரிசி ஒரு ரூபாய் ஆயிற்று. 2011-இல் இலவசம் ஆயிற்று.

இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. பசியால் வாடிய வயிறுகள் நிறைந்தன. தேரிக்காட்டில் கூழும் கிழங்கும் தின்றவர்கள் தாடையை வளர்க்கத் தின்னவில்லை. வேறு கதி இல்லாமல் தின்றார்கள். அந்த வறுமையைப் பழம்பெருமையாக்கிப் பாடுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் சோறு, இட்லி, சால்னாவில் ஊறிய பரோட்டா, பாலில் நனைத்த பிஸ்கட் என்று மாறிய தட்டில் கன்னத்தசைக்கான வேலை ஏறக்குறைய காணாமல் போய்விட்டது என்பதும் உண்மை.

சரி, பல் கொஞ்சம் கோணினால் மூளைக்கென்ன?

பல்லும் தாடையும் மூளையோடு பேசுவது முப்பெருநரம்பு எனப்படும் ஐந்தாம் மண்டை நரம்பின் வழியாக. உடம்பின் மற்றப் பகுதிகளிலிருந்து தொடு உணர்வு கொண்டுவரும் நரம்பு உயிரணுக்கள் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே முடிச்சுகளில் இருக்கின்றன. தாடையை மூடும் தசைகளின் இழுவையையும் பல் வேரின் அழுத்தத்தையும் சொல்லும் உயிரணுக்களில் ஒரு கூட்டம் மட்டும் மூளைத்தண்டுக்குள்ளேயே குடியிருக்கிறது. அதற்கு அண்டை வீடு ‘லோகஸ் செருலியஸ்’ என்ற நீலநிறப் புள்ளி. விழிப்பு, பதற்றம், கவனம் ஆகியவற்றை ஏற்றி இறக்கும் நார்அட்ரினலின் மூளைக்குப் பரவுவது அங்கிருந்துதான். தாடையிலிருந்து வரும் சேதி பதற்றத்தின் கதவருகே வந்து சேர்கிறது.

1934-இல் செயின்ட் லூயிஸ் நகரத்துக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார். காதடைப்பு, தலைச்சுற்றல், தலைவலி எல்லாவற்றுக்கும் தாடை மூட்டின் நிலைகுலைவே மூலம் என்றார். அவர் சொன்ன உடற்கூற்று விளக்கம் பின்னால் தவறென்று தள்ளப்பட்டது. ஆனால் கடியைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை பல்மருத்துவத்தில் ஊன்றிவிட்டது.

அந்த நம்பிக்கைக்குப் பிற்காலத்தில் சில சான்றுகளும் வந்தன. ஜப்பானிய ஆய்வாளர்கள், விரைவாக மூப்படையும் இனத்து எலிகளின் கடைவாய்ப் பல்மேல் பிசின் வைத்துக் கடியை உயர்த்தினார்கள். எலிகளின் ரத்தத்தில் மன அழுத்த இயக்குநீர் கூடியது. நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸில் நரம்பணுக்கள் குறைந்தன. நீருக்குள் மேடை தேடும் சோதனையில் அந்த எலிகள் வழி மறந்து தடுமாறின. 2004-இல் வெளியான இன்னொரு ஆய்வு இதன் மறுபக்கம். கட்டிப்போட்ட எலிக்கு ஒரு மரக்குச்சியைக் கடிக்கக் கொடுத்தபோது, அதன் மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் அழுத்த வினையைத் தூண்டும் பொருளின் உற்பத்தி அடங்கியது. இத்தாலியில் பீசா பல்கலைக்கழகத்தின் டியேகோ மன்சோனியும் குழுவினரும் இடது வலது கன்னத்தசைகள் சமமாக இழுக்காதவர்களைச் சோதித்தார்கள். கடியைச் சமன்செய்யும் பட்டையோ செயற்கைப் பல்லோ பொருத்தியதும் அவர்களுடைய கண்மணியின் விரிவும் கவனச் சோதனையின் மதிப்பெண்ணும் மாறின. சிறிய எண்ணிக்கையில் நடந்த சோதனைகள்தாம். ஆனாலும் அவை சொல்லும் திசை கவனிக்க வேண்டியது.

எலியின் தாடை வேறு, மனிதனின் தாடை வேறு. மனிதர்களிடம் பார்த்தபோது கதை தலைகீழாகவும் ஓடியது. 1969-இல் சிகாகோவின் டேனியல் லாஸ்கின், தாடை வலியின் மூலம் பல்லில் இல்லை, மன அழுத்தத்தால் இறுகிக் களைத்த தசையில் இருக்கிறது என்று வாதிட்டார். 1984-இல் ஜான் ரூ குழுவினர் சிலருக்கு வேண்டுமென்றே உயரமான பல்லுறை மாட்டினார்கள். தூக்கத்தில் பல் கடிப்பது கூடும் என்பது பழைய கணக்கு. ஆனால் பெரும்பாலோருக்கு முதல் சில இரவுகளில் அது குறைந்தது. 2002-இல் பின்லாந்தின் துர்க்கு நகரத்து ஆய்வு இன்னும் நுட்பமானது. கடியில் செயற்கையாக உண்டாக்கிய இடறலை, முன்பு தாடைக் கோளாறே இல்லாதவர்கள் நன்றாகப் பழகிக்கொண்டார்கள். ஏற்கெனவே அந்தக் கோளாறு இருந்தவர்களுக்குத்தான் அது தொல்லையாயிற்று.

தூக்க ஆய்வுக்கூடங்களில் கண்டது இன்னும் தெளிவு. இரவில் பல் நறநறவென்று கடிபடுவதற்குச் சற்று முன்பே மூளை லேசாக விழித்துக்கொள்கிறது, இதயத்துடிப்பு ஏறுகிறது. அதன் பிறகே தாடைத்தசை இறுகுகிறது. நெல்லைச் சீமையில் பிள்ளை தூக்கத்தில் பல்லைக் கடித்தால் ‘வயித்துல பூச்சி’ என்று வேப்பிலைக் கொழுந்து அரைத்துக் கொடுப்பார்கள். பூச்சி வயிற்றிலுமில்லை, பல்லிலுமில்லை. அமெரிக்காவில் தாடைக் கோளாறு இல்லாத 2,700-க்கும் மேற்பட்டோரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ‘ஓப்பெரா’ ஆய்வும் இதே திசையைக் காட்டியது. புதிதாக நோய் வந்தவர்களிடம் முன்கூட்டியே கூடுதலாக இருந்தவை மன அழுத்தமும், உடம்பு முழுக்கப் பல சிறு உபாதைகளும், தூக்கக் குறைவும்.

ஆக, பாதை இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது. தாடையிலிருந்து மூளைக்குப் போகும் சேதியைவிட, மூளையிலிருந்து தாடைக்கு இறங்கும் கட்டளை மனிதரிடம் பெரும்பாலும் வலுவானது. சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொள்ளும் நேரம் நாள் முழுவதையும் கூட்டினாலும் அரைமணியைத் தாண்டாது என்பது பல்மருத்துவக் கணக்கு. கடன் தவணை, தேர்வு முடிவு, வெளிநாட்டில் இருக்கும் மகனின் வேலை என்று ஏதோ ஒன்றை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவருக்கு அந்த அரைமணி பல மணியாகிறது.

ஐம்பதடி உயரத்தில், தளைநாரில் கால் மாட்டிப் பாளை சீவிய மனிதனுக்குப் பதற்றம் இல்லாமலா இருந்திருக்கும்? விழுந்தால் உயிர் போகும். பிழைத்தால் இடுப்பும் முதுகும் போகும். கீழே இறங்கியதும் அவர் முதலில் தேடியது வெற்றிலைப் பை. மெல்லுதல் மூளைக்கு ஓர் ஆறுதல் என்பதை எலி ஆய்வுக்கு வெகுகாலம் முன்பே இந்த மக்களின் உடம்பு அறிந்திருந்தது.

அந்த ஆறுதலுக்குக் கொடுத்த விலையும் சின்னதல்ல. 1952-இல் கென்யாவில் இருந்த இந்திய வம்சாவளிப் பெண்கள் ஐந்து பேருக்கு வாயின் உட்சதை நாராக இறுகி வாய் திறக்க முடியாமல் போனதை ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் பதிவு செய்தார். அடுத்த ஆண்டே மும்பையிலும் அது பதிவானது. பாக்குதான் காரணம் என்பது பின்னால் உறுதிப்பட்டது. 2004-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத பாக்கையும் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் சேர்த்தது. பொட்டலத்தில் வந்த பான்மசாலாவும் குட்காவும் நோயைப் பள்ளிப் பையன் வயதுக்கு இறக்கின. தமிழகம் 2013-இல் குட்காவைத் தடை செய்தது. வெற்றிலையோடு சேர்த்துப் பாக்கையும் பழம்பெருமைக் கணக்கில் வரவு வைக்க முடியாது.

இன்றைக்குத் திசையன்விளைப் பக்கத்துப் பெற்றோர், பிள்ளையின் பல்லுக்குக் கம்பி கட்ட மேற்கே காவல்கிணறு பல்மருத்துவக் கல்லூரிக்கோ வடக்கே பாளையங்கோட்டைக்கோ போகிறார்கள். கம்பி கட்டுவது நல்லதே. நெரிந்த பல் நேரானால் அழுக்கு எளிதில் தங்காது, கடிக்க எளிதாகும், பிள்ளையும் கூச்சமில்லாமல் சிரிக்கும். ஆனால் பெரியவர் ஒருவர் தாடை வலி, தலைவலி, பதற்றம் என்று போனால், நல்ல பல்லைத் தேய்த்து ‘கடியைச் சமன்செய்வது’ முதல் வைத்தியமாக இருக்கக் கூடாது. தேய்த்த பல் திரும்ப வராது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் 2020-இல் வெளியிட்ட பெரிய அறிக்கையும், மாற்ற முடியாத சிகிச்சைகளால் நோயாளிகள் பட்ட துன்பத்தை எடுத்துச் சொல்லி, அடக்கமான வழிகளை முதலில் நாடச் சொல்கிறது. தூக்கம், தசைக்கு ஓய்வு, வெந்நீர் ஒத்தடம், தாடைப் பயிற்சி, தேவையானால் இரவில் பல்லுக்கு ஒரு தடுப்புறை. பலருக்கு இவ்வளவே போதுமானதாக இருக்கிறது.

பிள்ளைகள் விஷயத்தில் காலம் முக்கியம். தாடையெலும்பு வளர்ந்துகொண்டிருப்பது பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும் வயதில். வளர்ச்சி முடிந்த பிறகு எவ்வளவு மென்றாலும் தசை கூடுமே தவிர எலும்பு பெரிதாக வளராது. கேரட்டோ கொய்யாவோ கரும்போ அவித்த கிழங்கோ, தினமும் கடைவாயில் அரைத்துத் தின்ன ஏதாவது அந்த வயதில் வேண்டும். அது மரபில் வந்த கோணலை நிமிர்த்திவிடாது. எலும்புக்கு வளரும் வாய்ப்பைக் கொடுக்கும்.

இதற்கிடையே பனங்கிழங்கே மாறிவிட்டது. காயவைத்து அரைத்த பனங்கிழங்கு மாவு இப்போது சத்துமாவு என்ற பெயரில் பொட்டலமாக விற்கிறது. பாலில் கரைத்துப் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். பனைத்தொழிலுக்குப் புதிய வருமானம் என்ற வகையில் அதை வரவேற்கலாம். நார்ச்சத்தும் கொஞ்சம் கிடைக்கும். வீட்டில் பல் முளைக்கிற பிள்ளை இருந்தால் மட்டும், தை மாதத்தில் மாவை விட்டுவிட்டு ஒரு கட்டுக் கிழங்கை வாங்கி அவித்துக் கொடுக்கலாம்.